டாக்டர் கேட்டபோது நான் சொன்ன பதில்

அன்பு மகனுக்கு,

மட்டாஞ்சேரியில் நம் வீட்டிலிருந்து நீ குடியிருக்கும் சுள்ளிக்கல்லுக்கு நடந்தால் அரை மணி நேரம். என் கால்களுக்கு முக்கால் மணி என்று வைத்துக்கொள். அந்தத் தூரம் வந்து உன் அறைக் கதவைத் தட்டி, உன் முகத்தைப் பார்த்து ஒரு விஷயம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் நான்கு நாட்களாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு முறை எழுதிக் கிழித்தாயிற்று. உனக்கு மலையாளம்தான் சரளமாக வரும், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்பது தெரிந்தே தமிழில் எழுதுகிறேன். மெதுவாகப் படித்தால், நடுவில் கோபம் வந்தாலும் ஆறுவதற்குக் கொஞ்சம் நேரம் இருக்கும்.

வருகிற செவ்வாய்க்கிழமை தோப்பும்படியில் அந்தத் தோல் டாக்டரைப் பார்க்கப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். படர்தாமரை திரும்ப வந்திருக்கிறது. இந்த முறையும் மாத்திரை எழுதுவார். எழுதும் முன், போன தடவை கேட்ட அதே கேள்வியைக் கேட்பார். போன தடவை அதற்குப் பதில் சொன்னது நீ இல்லை, நான். நான் சொன்னது பொய். பொய் என்று தெரிந்தே சொன்னேன். இதை முதலிலேயே எழுதிவிட்டேன். கடைசியில் எழுதிக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தால், எழுதாமலே கையெழுத்துப் போட்டு முடித்துவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரிந்த சில விஷயங்களில் அது ஒன்று.

எதையும் ஆரம்பத்திலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும். நீ பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது, நான் மறந்து வைத்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியைக் கொடுக்க ஒரு நாள் நான் தரம் பார்க்கும் மசாலாக் கிடங்குக்கு வந்தாய். ஒரு வியாபாரியின் சுக்கு மூட்டைகளில் குத்தூசி போட்டுத் தரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே இருந்த சுக்கெல்லாம் வெள்ளையாக, பார்க்க நன்றாக இருந்தது. நடுவிலிருந்து ஊசியோடு வந்த துண்டுகளில் பூஞ்சை, பூப்பல். இதை எடுக்க முடியாது என்று சொன்னேன், என் வழக்கப்படி தரையைப் பார்த்துக்கொண்டு. அந்த ஆள் என் கையிலிருந்த தட்டைத் தட்டிவிட்டான். "சரக்குல பூப்பல் இல்ல இக்கா, உங்க கண்ணுலதான் பூப்பல்" என்றான். சுமை இறக்க வந்தவர்கள் சிரித்தார்கள். நான் குனிந்து, சிதறிய துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் வைத்தேன். நிமிர்ந்தபோது நீ வாசலில் நின்றிருந்தாய். அந்தச் சரக்கை நான் கடைசிவரை ஏற்கவில்லை. அதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நீ பார்த்தது நான் குனிந்ததை மட்டும்தான். அந்த வாரமே நீ மாடியில் தண்டால் எடுக்கத் தொடங்கினாய். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் நான்தான் என்று நினைத்துக்கொள்வதும் ஒருவகைத் தற்பெருமைதான் என்று சில சமயம் தோன்றுகிறது. ஆனாலும் உன்னைத் திட்டும் தகுதி எனக்கு இல்லை என்பதற்காக இதை எழுதி வைக்கிறேன்.

வல்லார்பாடம் துறைமுகத்தில் வேலை கிடைத்த பிறகு ஜிம்மில் சேர்ந்தாய். ஒரு வருடத்தில் ஆளே மாறினாய். சின்ன வயதில் உன்னைக் குடைக்கம்பி என்று கூப்பிட்ட சாயாக்கடைக்காரரே என்னைப் பிடித்து நிறுத்தி, "இக்கா, மோனுக்கு என்ன தீனி போடுறீங்க? அவன் கடை வாசல்ல நின்னா உள்ள இருட்டாயிடுது" என்றார். உன் அம்மாதான் முதலில் சந்தேகப்பட்டவள். சந்தேகம் என்றுகூட அவளுக்குத் தெரியாது. "என்னங்க, இவனுக்கு முதுகு பூரா பரு. மூஞ்சியில எண்ணெய் வழியுது. திரும்பப் பதினஞ்சு வயசு ஆயிடுச்சா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. ஜும்மா முடிந்து வெளியே வரும்போது, உன் பின்னால் நடந்தால் எனக்கு வழி கிடைத்தது. அறுபது வயதுக்கு மேல் ஒரு மனிதனுக்கு முதல்முறையாகக் கூட்டத்தில் வழி கிடைக்கும்போது, அது எங்கிருந்து வந்தது என்று அவன் அதிகம் ஆராய்வதில்லை.

பிறகு மழைக்காலம் வந்தது. உன் நெஞ்சில் வெளிறிய தேமல், தொடை இடுக்கில் வட்ட வட்டமாகப் படர்தாமரை. பூஞ்சையைப் பற்றி எனக்குத் தெரியாததா என்று நினைத்தேன். அங்கேதான் என் முதல் தவறு. கிடங்கில் எங்களுக்குத் தெரிந்த சாத்திரம் ஒன்றே ஒன்று. ஈரம் இருந்தால் பூஞ்சை வரும், காய வைத்தால் நிற்கும். ஆகவே உன்னைக் காய வைக்கத் தொடங்கினேன். ஜூன் மாதத்து மட்டாஞ்சேரியில் எந்தத் துணி காய்கிறது? உன் பனியன், உள்ளாடை, ஜீன்ஸ் எல்லாவற்றையும் உள்பக்கம் திருப்பி இஸ்திரி போட்டேன். உனக்கு நினைவிருக்கும்.

"அத்தா, ஜட்டிக்கெல்லாம் யாராவது இஸ்திரி போடுவாங்களா? கூட வேலை செய்யறவனுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவான்."

"அவனுக்கு எப்படிடா தெரியும்?"

"நீங்களே சாயாக்கடையில சொல்லிடுவீங்க."

சொல்லியும் விட்டேன். ஆனால் இஸ்திரிப்பெட்டிக்கு அந்தப் பூஞ்சை அடங்கவில்லை. சாக்கு மூட்டைக்குத் தன்னைக் காத்துக்கொள்ளும் சக்தி எதுவும் கிடையாது, அதனால் அதில் ஈரம் மட்டுமே விஷயம். மனித உடம்பு அப்படி இல்லை, அதற்குள் ஒரு காவல் இருக்கிறது, அந்தக் காவலுக்கு என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டும். முப்பத்தைந்து வருடம் மூட்டையின் மேல் பக்கத்தை நம்பாமல் நடுவில் குத்திப் பார்த்தவன், என் மகன் விஷயத்தில் மேல்தோலோடு நின்றுவிட்டேன்.

இரண்டாவது தவறு களிம்பு. மருந்துக் கடையில் போய், சீக்கிரம் கேட்கிற மாதிரி ஒன்று கொடுங்கள் என்று வாங்கி வந்தேன். டாக்டர் சீட்டு இல்லை. போட்ட மூன்றாம் நாள் சிவப்பும் அரிப்பும் போய்விட்டன. "பாத்தியா" என்று உன்னிடம் சொன்னேன். ஒரு மாதத்தில் அது இடுப்பைச் சுற்றி, வயிறு வரை வந்தது. விளிம்பு மங்கி, வட்டம் வட்டமாகவும் இல்லாமல், என்னவென்றே அடையாளம் தெரியாத மாதிரி. அந்தக் களிம்பில் மூன்று மருந்துகள் கலந்திருந்தன. அதில் ஒன்று அரிப்பை அடக்கும் ஸ்டீராய்டு. அது தோலின் எதிர்ப்பைத் தூங்க வைத்துவிடும். எரிச்சல் தெரியாது, பூஞ்சைக்கு எதிர்ப்பும் இருக்காது. இதைப் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆக உன் படர்தாமரையைப் பெரிதாக்கியதில் என் பங்கு நிச்சயமாக உண்டு. உன் பங்கு எவ்வளவு என்பது இதுவரை யாருக்கும் சரியாகத் தெரியாது.

உன் பங்கு என்று எழுதிவிட்டேன். இனி மறைக்க முடியாது. துவைப்பதற்காக உன் ஜிம் பையிலிருந்து துணியை எடுத்தபோது, அடியில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் கிடைத்தது. ஓர் அட்டை மாத்திரை, இரண்டு சின்னக் கண்ணாடிக் குப்பிகள், ஊசிகள். வேறு ஒரு தகப்பன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு உன் முன்னால் வந்து நின்றிருப்பான். நான் என்ன செய்தேன் தெரியுமா? லேபிளில் இருந்த பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பொட்டலத்தை அதே மடிப்பில் மடித்து, அதே இடத்தில் வைத்தேன். பிறகு அவை என்னவென்று ஐந்து வாரம் படித்தேன்; உடம்பு வளர்க்கப் போடும் ஸ்டீராய்டு. உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அந்த ஐந்து வாரமும் ஏதோ வேலை செய்துகொண்டிருப்பதாகத்தான் நினைத்தேன். உன்னிடம் கேட்காமல் இருக்க ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தேன் என்பது இப்போதுதான் புரிகிறது.

அப்புறம்தான் டாக்டரிடம் போனோம். நீ முப்பதை நெருங்குகிற ஆள், தனியாகப் போயிருக்கலாம். ஆனால் நம் வீடுகளில் அப்படி விடுவதில்லை. யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் வீட்டுப் பெரியவர் கூடப் போவார், நாற்காலியில் அவர் உட்காருவார், கேட்கிற கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொல்வார். என் வாப்பா எனக்கு அப்படிச் செய்தார், நான் உனக்குச் செய்தேன். அந்த டாக்டர் அம்மா உன்னைத்தான் பார்த்துக் கேட்டார். வேறு ஏதாவது மாத்திரை, பவுடர், ஊசி எடுக்கிறீர்களா, ஜிம்முக்குப் போகிறீர்களே என்று. என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வை எனக்கு இன்னும் புரியவில்லை. நான் வெளியே போயிருந்தால் சொல்லியிருப்பாயோ? நான் தலையை ஆட்டியிருந்தால் சொல்லியிருப்பாயோ? அதற்குள் நான் சொல்லிவிட்டேன். "ஒண்ணும் இல்லை டாக்டர். இவனுக்குத் தலைவலி மாத்திரைகூடப் பழக்கம் இல்லை." கதவுக்கு வெளியே பெஞ்சில், தன் வைத்தியத்துக்காக வந்து, உனக்குப் பேசி முடித்த பாலக்காட்டுப் பெண்ணின் மாமா உட்கார்ந்திருந்தார், அவர் காதில் விழுந்துவிடுமோ என்று பயந்தேன் என்பது பாதி உண்மை. மீதிப் பாதி, உனக்கும் எனக்கும் நடுவில் அந்த வார்த்தை வந்துவிட்டால் பிறகு என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கல்லீரல் கோளாறு உண்டா என்றும் கேட்டார். அதற்கும் இல்லை என்றேன். பூஞ்சைக்கான மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்த மாத்திரை கல்லீரலுக்குக் கொஞ்சம் பாரம். நீ ஜிம்முக்காக விழுங்கிக்கொண்டிருந்த மாத்திரை அதைவிடப் பெரிய பாரம். ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றிய கை என்னுடையது. மூன்றாவது வாரம் உன் கண் மஞ்சளாயிற்று. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தாய். அங்கேயும் கேட்டார்கள். நீ கண்ணை மூடிக்கொண்டிருந்தாய், நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூஞ்சை மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு செய்து அதை நிறுத்தினார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர்களிடம் உன் அம்மா, "அந்த டாக்டரம்மா எழுதின மாத்திரைதான் எம்புள்ளைய இப்படி ஆக்கிடுச்சு" என்று அழுதாள். என் முன்னாலேயே ஒன்பது நாளும் சொன்னாள். தப்பே செய்யாத ஒரு பெண்ணின் பெயர் அந்த வார்டில் கெட்டுக்கொண்டிருந்தது. நான் பழம் நறுக்கிக்கொண்டிருந்தேன். நிக்காஹ் தள்ளிப்போனது. நீ ஷிப்டைக் காரணம் சொல்லி சுள்ளிக்கல்லுக்குக் குடிபோனாய்.

நீ போன பிறகு ஒருநாள் அந்த டாக்டரிடம் தனியாகப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். உள்ளே போனதும் என் கணுக்காலைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "இது கொசுக்கடி" என்றார். பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். "எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன்" என்று ஆரம்பித்தேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். உடம்பு வளர்க்கப் போடும் ஸ்டீராய்டு நோய் எதிர்ப்பைக் குறைக்குமா, பூஞ்சை வரவழைக்குமா என்பதுதான் என் கேள்வி. அவர் மலையாளத்தில் சொன்னதை, எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். பிழை இருந்தால் அது என்னுடையது.

அந்த ஸ்டீராய்டு வேறு, களிம்பில் இருப்பது வேறு. களிம்பில் இருப்பது எதிர்ப்பை அடக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. ஜிம்மில் போடுவது ஆண் ஹார்மோன் வகை. அதிக அளவில் போட்டால் எதிர்ப்புச் சக்தியின் சில வேலைகள் மந்தமாகலாம் என்று ஆய்வுகளில் குறிப்புகள் உண்டு, ஆனால் அவை குறைவு, ஒன்றுக்கொன்று ஒத்தும் போவதில்லை. அதுதான் படர்தாமரையைக் கொண்டுவந்தது என்று எந்த டாக்டரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அது தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைப் பெருக்கும். பரு வரும். எண்ணெயைத் தின்று வாழும் ஒருவகைப் பூஞ்சை எல்லோர் தோலிலும் இருக்கிறது, தேமல் அதனால் வருவது, அதற்கு இது விருந்து. இதோடு வியர்வை, இறுக்கமான உடை, பலர் படுத்த விரிப்பு, அடுத்தவர் துண்டு. கடைசியாக ஒன்று சொன்னார். வெளியே ரகசியமாக விற்கிற குப்பியில் லேபிளில் எழுதியதுதான் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும், சுத்தமாக அடைத்தார்களா என்று யாருக்குத் தெரியும்.

"அப்ப அது இல்லேன்னும் சொல்ல முடியாது, ஆமான்னும் சொல்ல முடியாதா டாக்டர்?" என்று கேட்டேன்.

"அது மட்டும்தான்னு சொல்ல முடியாது. ஆனா எனக்குத் தெரியாம மாத்திரை எழுதினா ஆபத்துன்னு மட்டும் உறுதியாச் சொல்லலாம்" என்றார். நான் எழுந்தபோது, "அந்தத் தெரிஞ்ச பையனை அடுத்த தடவை வரச் சொல்லுங்க. நான் திட்ட மாட்டேன். என்ன போட்டான், எவ்வளவு, எப்ப நிறுத்தினான்னு அவன் வாயால சொன்னாப் போதும். திடீர்னு நிறுத்தினா உடம்பும் மனசும் ரொம்பத் தளர்ந்துபோகும், அதையும் தனியாச் சமாளிக்க வேண்டாம்னு சொல்லுங்க" என்றார். என் மூக்குக் கண்ணாடி வழியாகவே அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அப்போதும் நான் உண்மையைச் சொல்லாமல், நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

டாக்டர் கடைசியாகச் சொன்னதை நீ இரண்டு முறை படிக்க வேண்டும். தனியாகச் சமாளிக்க வேண்டாம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பின் இரண்டு மாதம் நீ கட்டிலைவிட்டு எழாமல், போனைக்கூட எடுக்காமல் கிடந்தாயே, காமாலையின் களைப்பு என்று நாங்கள் நினைத்தோம். ஜிம் மருந்தை நிறுத்தியதால் வந்த தளர்ச்சியும் அதில் இருந்திருக்கலாம். கண்ணாடியில் தோள் இளைத்துக்கொண்டு வருவதைப் பார்ப்பது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. போன வெள்ளிக்கிழமை சாப்பிட வந்தபோது உன் தோள்கள் திரும்ப நிரம்பியிருந்தன. உன் அம்மா சந்தோஷப்பட்டாள். நான் உன் முகத்தில் எண்ணெய் வழிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ திரும்ப ஆரம்பித்திருக்கலாம், அல்லது வெறும் உடற்பயிற்சியாக இருக்கலாம். என் ஊகம் தவறாக இருந்தால் மன்னித்துக்கொள், அப்படித் தவறாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் பாலக்காட்டுப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. அவளிடம் சொல்வதும் சொல்லாததும் உன் முடிவு. படர்தாமரை தொற்றும், இந்த ஜிம் மருந்து பிள்ளைப் பேற்றையும் பாதிக்கலாம் என்று படித்தேன். பெரும்பாலும் நிறுத்தினால் அந்தச் சக்தி மெல்ல மெல்லத் திரும்பி வரும் என்றும் படித்தேன். நம் சமூகத்தில் மாப்பிள்ளையின் உடம்பைப் பற்றி யாரும் எதுவும் கேட்பதில்லை, பெண்ணைத்தான் துருவித் துருவிக் கேட்கிறோம். நம் வீட்டிலிருந்தும் கேட்டோம், அவளுக்குச் சின்ன வயதில் இழுப்பு இருந்ததா என்றுகூடக் கேட்டோம். அவர்கள் ஒளிக்காமல் பதில் சொன்னார்கள். அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. நிக்காஹ் இன்னும் இரண்டு மாதம் தள்ளிப்போனால் என்ன? மண்டபக்காரரிடம் நான் பேசுகிறேன். எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியும், ஆனாலும் பேசுகிறேன்.

இன்று காலை உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பொட்டலம் முதல் பொய் வரை. "அந்த டாக்டரம்மாவ எத்தனை பேருகிட்ட ஏசியிருக்கேன். நீங்க பக்கத்துலயே உக்காந்து ஆப்பிள் நறுக்கிக்கிட்டு இருந்தீங்க" என்றாள். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. என்மேல் இருக்கும் கோபம் குறைய நாளாகும், ஆகட்டும். யார் யாரிடம் அந்த டாக்டரைப் பற்றிச் சொன்னாளோ அவர்களிடம் எல்லாம் திருத்திச் சொல்லப் போவதாகச் சொல்கிறாள். உன் பெயரை இழுக்காமல், தப்பு எங்கள் பக்கம்தான் என்று மட்டும். டாக்டரிடம் என் பொய்யை நான் சொல்ல வேண்டும். அதற்கும் ஒரு சீட்டு எழுதி இத்துடன் ஒட்டி வைத்திருக்கிறேன். நான் சொன்னது பொய், இவன் சொல்லாததற்கு நானே காரணம் என்று நான்கு வரி. வேண்டுமானால் கொடு, வேண்டாம் என்றால் கிழித்துவிடு. நீ சொல்ல வேண்டியதை அதில் நான் எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் வரமாட்டேன். கூட வந்து வெளியே பெஞ்சிலாவது உட்கார்ந்திருக்கிறேன் என்றுதான் முதலில் எழுதினேன். கிழித்துப் போட்ட இரண்டு கடிதங்களிலும் அதுதான் இருந்தது. யோசித்துப் பார்த்தால், நான் பெஞ்சில் இருந்தாலும் நீ கதவைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாய். நாற்காலியில் நீ உட்கார். அவர் கேட்பார். கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை, அந்த டாக்டர் காத்திருப்பார், எனக்காகக் காத்திருந்தவர்தான். முடிந்ததும் பஸ் ஏறி இங்கே வா, சாப்பிட்டுவிட்டுப் போ. என்ன சொன்னாய் என்று நான் கேட்க மாட்டேன். இப்படி எழுதிவிட்டேனே தவிர, நீ செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. கேட்டால், "கேக்காதீங்கத்தா" என்று சொல்லிவிட்டு உள்ளே போ.

உன் அத்தா